டெத் வேலியின் இருபது கோவேறு கழுதை வண்டி: ஏன் அத்தனை நீளம், வளைவில் எப்படித் திரும்பியது?

கேள்வி கேட்டவர் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். கலிபோர்னியாவின் டெத் வேலி எனப்படும் மரணப் பள்ளத்தாக்கில், இரண்டிரண்டாகப் பூட்டிய இருபது விலங்குகள் மூன்று வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துச் செல்லும் படம் அது. பத்துப் பத்தாகப் பிரித்து இரண்டு தொடராக ஓட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்குமே, எதற்காக இருபதையும் ஒரே சங்கிலியில் கோத்தார்கள் என்பது அவருடைய முதல் கேள்வி. இவ்வளவு நீளமான வரிசை மலைப்பாதையின் வளைவில் எப்படித் திரும்பியிருக்கும், படத்தின் நடுவில் சில விலங்குகள் மட்டும் பாதையை விட்டு வெளிப்புறம் நோக்கி இழுப்பது போலத் தெரிகிறதே, அது பழக்கப்படாத விலங்குகளின் பிழையா என்பது இரண்டாவது. இரண்டுமே நல்ல கேள்விகள். இரண்டாவதை மிகச் சிலரே கேட்கிறார்கள். நான் முப்பது ஆண்டுகள் திறந்தவெளிச் சுரங்கங்களில் கனிமம் ஏற்றிச் செல்லும் பாதைகளையும் வண்டிகளையும் கணக்கிடும் வேலையில் இருந்தவன். விலங்குகளைப் பூட்டி ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. ஆகவே சுமை, சக்கரம், பாதை பற்றி நான் சொல்வதை என் தொழிலறிவாகவும், கோவேறு கழுதைகளின் பழக்கம் பற்றிச் சொல்வதை நான் படித்தறிந்ததாகவும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏற்றிச் சென்ற பொருளைச் சொல்லிவிடுகிறேன். அது வெங்காரம். பொற்கொல்லர்கள் தங்கத்தைப் பற்றவைக்கும்போது தூவுகிறார்களே, அதே பொருள். ஆங்கில வழக்கில் போராக்ஸ். 1881-இல் ஆரோன் விண்டர்ஸ் என்பவரும் அவர் மனைவி ரோசியும் டெத் வேலியின் உப்புத் தரையில் பஞ்சுருண்டை போலக் கிடந்த ஒரு கனிமத்தை எடுத்து, அமிலமும் சாராயமும் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தார்கள். சுடர் பச்சையாக எரிந்தது. வெங்காரத்தில் உள்ள போரான் என்ற தனிமம் இருப்பதற்கு அது அடையாளம். அவர்களுடைய உரிமையைச் சான் பிரான்சிஸ்கோ வணிகர் வில்லியம் டெல் கோல்மன் 20,000 டாலருக்கு வாங்கி, பர்னஸ் கிரீக் அருகே ஹார்மனி போராக்ஸ் ஆலையை நிறுவினார். 1883 முதல் 1888 வரை அங்கே வேலை நடந்தது. சீனத் தொழிலாளர்கள் நாளொன்றுக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை டாலர் கூலிக்கு அந்த உருண்டைகளைத் தரையிலிருந்து வாரிச் சேர்த்தார்கள். அவற்றைச் சோடாவுடன் கொதிக்கவைத்து, தெளிந்த நீரைத் தொட்டிகளில் ஆறவிட்டு, படிந்த வெங்காரப் படிகங்களைச் சேகரித்தார்கள். கோடையில் அந்த நீர் ஆறவே ஆறாது, படிகமும் படியாது. அதனால் வெயில் காலத்தில் வேலையைச் சற்று உயரத்தில் இருந்த அமர்கோசா ஆலைக்கு மாற்றினார்கள். 1913 ஜூலை 10 அன்று பர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் அதிகாரபூர்வமான உலக உச்ச வெப்பநிலை என்பதை நினைவில் வைத்தால், படிகம் ஏன் படியவில்லை என்பது புரியும்.

மிக அருகில் இருந்த ரயில் நிலையங்களுள் அவர்கள் தேர்ந்தெடுத்தது மொஹாவி. தொலைவு 165 மைல், அதாவது ஏறத்தாழ 265 கிலோமீட்டர். போக்குவரத்துக் கணக்குப் போடும் எவரையும் திடுக்கிடச் செய்யும் செய்தி இங்கேதான் இருக்கிறது. ஹார்மனி ஆலை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மொஹாவி கடல் மட்டத்துக்கு மேலே 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. சுமை ஏற்றிய வண்டி இறங்கி வர வேண்டும், வெறும் வண்டி ஏறிப் போக வேண்டும் என்பதே சுரங்கப் பாதை அமைப்பவர்கள் எப்போதும் விரும்புவது. இங்கே அது தலைகீழ். முழுச் சுமையுடன் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து விங்கேட் கணவாய் வழியாக மேலேறி, தண்ணீரற்ற நிலத்தைக் கடந்து போக வேண்டும். வழியின் கடைசிப் பகுதியில் மட்டும் ஐம்பது மைல் தொலைவுக்கு ஊற்றோ கிணறோ கிடையாது. ஒரு நாளைக்கு 16 முதல் 18 மைல் என்ற கணக்கில் போக 10 நாள், வர 10 நாள் ஆயிற்று.

இனி வண்டிகளைப் பார்ப்போம். ஆலையின் மேற்பார்வையாளர் ஜே. டபிள்யூ. எஸ். பெர்ரியின் திட்டப்படி மொஹாவியில் பத்து வண்டிகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் சுமார் 900 டாலர் செலவு. வண்டிப் பெட்டி 16 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி ஆழம். பின்சக்கரம் 7 அடி விட்டம், முன்சக்கரம் 5 அடி. அச்சு, பின்புறம் மூன்றரை அங்குலச் சதுரமுள்ள முழு எஃகுக் கட்டை. சக்கரத்தின் குடம் 18 அங்குல விட்டமும் 22 அங்குல நீளமும் கொண்டது. ஆரக்கால்கள் பிளந்தெடுத்த ஓக் மரம். அறுத்த மரத்தைவிடப் பிளந்த மரத்தில் நார் ஓட்டம் அறுபடாமல் இருக்கும் என்பதால் அப்படிச் செய்தார்கள். வட்டையின்மேல் 8 அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள இரும்புப் பட்டா. சில ஆண்டுகளுக்கு முன் ஹார்மனியில் நிற்கும் வண்டித்தொடரின் அருகே சென்றபோது அந்தப் பட்டாவின்மேல் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாணுக்குச் சற்றே குறைவு. சக்கரத்தின் உச்சி என் தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது. நம் ஊர் மாட்டு வண்டியின் பட்டா இரண்டு விரல் அகலம் இருக்கும். அது மணலில் கத்தி போல இறங்கும். இது தட்டு போல மேலேயே நிற்கும். உயரமான சக்கரம் குழியில் விழாமல் தாண்டும், அகலமான பட்டா மணலில் புதையாமல் காக்கும். இன்றைய சுரங்க லாரிகளுக்கு ஆள் உயரத்தைவிடப் பெரிய டயர் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வெறும் வண்டி ஒன்றின் எடை 7,800 பவுண்டு, அதாவது மூன்றரை டன். அதில் ஏற்றிய வெங்காரம் சுமார் 10 டன். தன் எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சுமையை ஒரு மர வண்டி தாங்கியது. இன்றைய மாபெரும் சுரங்க லாரிகள் தம் எடையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஏற்றுகின்றன. வேகம் வேறு, எந்திரத்தின் எடை வேறு என்பதால் ஒப்பீடு சரிசமமானதன்று, ஆனாலும் அந்த மர வண்டியைக் கட்டியவர்களின் கைத்திறனை எண்ணி நான் வியக்காமல் இருந்ததில்லை. இரண்டு சரக்கு வண்டிகளுக்குப் பின்னால் 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டி ஒன்று. நம் கணக்கில் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். எல்லாம் சேர்ந்த மொத்த எடை சுமார் 33 மெட்ரிக் டன்.

இந்த எடையை இருபது விலங்குகள் இழுக்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள் முழுவதும் நடக்கும் விலங்கு தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைத் தொடர்ந்து கொடுக்கும் என்பது பழைய, நம்பத்தக்க அளவுகோல். 450 முதல் 500 கிலோ எடையுள்ள கோவேறு கழுதை ஒன்று 45 முதல் 50 கிலோ விசை தரும். இருபதும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு டன். கெட்டியான மண் பாதையில் வண்டியை உருட்ட மொத்த எடையில் மூன்று சதவீதம் அளவுக்கு விசை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 33 டன்னுக்குத் தேவைப்படுவதும் ஒரு டன். கணக்கு நூல் பிடித்தாற்போல் சரியாக இருக்கிறது. அதாவது சமதளத்திலேயே அந்த விலங்குகள் தம் எல்லையில் வேலை செய்தன. மூன்று சதவீத ஏற்றம் வந்தால் தேவை இரட்டிப்பாகும்; இளகிய மணலில் அதைவிடக் கூடும். சிறிது தூரத்துக்கு விலங்குகள் இரண்டு மூன்று மடங்கு விசையைக் கொடுக்கும் என்பதாலும், அடிக்கடி நிறுத்தி மூச்சுவிடச் செய்தார்கள் என்பதாலும்தான் ஏற்றங்களைக் கடக்க முடிந்தது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இருபது விலங்குகளை ஒன்றாகப் பூட்டினால் இழுவை கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வரிசை நீள நீள ஒவ்வொரு விலங்கும் தரும் பயன் குறையும். எல்லா விலங்குகளும் ஒரே நொடியில் ஒரே அளவு இழுப்பதில்லை. வளைவுகளில் முன்வரிசையின் விசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகும். இழுவையை மட்டும் பார்த்தால் பத்துப் பத்தாகப் பிரிப்பதே மேல். நீங்கள் நினைத்தது அந்த அளவில் சரி. ஆனால் பத்துப் பத்தாகப் பிரித்தால் வண்டி ஓட்டத் தேர்ந்தவர் இருவர் வேண்டும், அவர்களுக்கு உதவியாளர் இருவர் வேண்டும், தண்ணீர்த் தொட்டியும் இரண்டு வேண்டும். ஓட்டுநரின் சம்பளம் மாதம் நூறு டாலருக்குக் குறையாது; சீனத் தொழிலாளியின் மாதக் கூலியைப் போல மூன்று மடங்கு அது. அந்த வேலை தெரிந்தவர்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. இருபது விலங்குகளையும் இருபது டன் சரக்கையும் இரண்டே ஆட்கள் 265 கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. இழுவையில் கொஞ்சம் இழந்து, ஆட்கூலியிலும் தண்ணீரிலும் அதைவிட அதிகமாகச் சேமித்தார்கள். இன்று லாரிகளின் அளவு ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதற்கும் ஓட்டுநர் ஒருவருக்கு எத்தனை டன் என்ற கணக்கே முதன்மையான காரணம்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். வெயிலில் உழைக்கும் விலங்கு ஒன்று நாளைக்கு நாற்பது லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். இருபதுக்கும் எண்ணூறு லிட்டர். நிறைந்த தொட்டி ஐந்து நாளைக்கு வரும். ஐம்பது மைல் வறண்ட பகுதியைக் கடக்க மூன்று நாள் போதும் என்பதால், அந்தத் தொட்டியின் அளவு யாரோ உட்கார்ந்து அளந்து வைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. தீவனமும் அப்படித்தான். நாளைக்கு எட்டுப் பத்துக் கிலோ வீதம் இருபது விலங்குகளுக்கு இருபது நாளைக்கு நான்கு டன் வரை வேண்டும். திரும்பிப் போகும் வெறும் வண்டிகள் வைக்கோலையும் தானியத்தையும் ஏற்றிச் சென்று, வழியில் உள்ள தங்குமிடங்களில் பெட்டிகளில் இறக்கிவைத்துச் சென்றன. அடுத்த முறை சுமையோடு வருகையில் அவை பயன்பட்டன. பத்து வண்டிகள் என்றால் ஐந்து தொடர்கள். இருபது நாள் சுற்றில் நான்கு நாளைக்கு ஒன்று வீதம் ஆலையிலிருந்து புறப்படலாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. படத்தில் வெளிப்புறம் நோக்கி இழுக்கும் விலங்குகள் பிழை செய்யவில்லை. அந்த வண்டித்தொடரைப் பாதையில் நிறுத்தியவை அவையே. எப்படி என்று சொல்கிறேன். முதல் வண்டியின் ஏர்க்காலிலிருந்து முன் ஜோடி வரைக்கும் ஒரே இரும்புச் சங்கிலி நடுவே ஓடுகிறது. அதன் இருபுறமும் ஜோடி ஜோடியாக விலங்குகள். பாதை நேராக இருக்கும்வரை ஒரு சிக்கலும் இல்லை. பாதை இடப்புறம் வளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் ஜோடிகள் வளைவைக் கடந்து இழுக்கும்போது சங்கிலி விறைத்து நேர்கோடாகப் பார்க்கும். பாதை வில் என்றால் சங்கிலி நாண். நாண் வில்லின் உட்புறமாகத்தான் இருக்கும். அப்படியே விட்டால் சங்கிலி வண்டியின் முன்பகுதியை உட்புறம் இழுத்து, மலைச்சரிவில் மோதவோ பள்ளத்தில் உருளவோ செய்துவிடும். இதைத் தடுக்க, ஏர்க்காலுக்கு அருகே உள்ள மூன்று ஜோடிகள் தனியாகப் பழக்கப்பட்டிருந்தன. ஓட்டுநர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவை அசையும் சங்கிலியைத் தாண்டிக் குதித்து வளைவின் வெளிப்புறத்துக்கு வந்து, பக்கவாட்டில் காலை வைத்து நடந்தபடியே வெளிநோக்கி இழுக்கும். முன்னால் இருப்பவை உள்ளே இழுக்க, இவை வெளியே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் ஏர்க்கால் பாதையின் நடுவிலேயே நிற்கும். வளைவு முடிந்ததும் திரும்பத் தாண்டித் தம் இடத்துக்கு வந்துவிடும். இரும்புச் சங்கிலி முழங்கால் உயரத்தில் விறைத்து நிற்கையில், நடையை நிறுத்தாமல் அதைத் தாண்டும் விலங்கை எண்ணிப் பாருங்கள். எத்தனை மாதப் பழக்கம் அதற்குத் தேவைப்பட்டிருக்கும்!

இவற்றை ஓட்டியது ஒற்றைக் கயிறு என்பது இன்னொரு வியப்பு. நூற்றிருபது அடி நீளமுள்ள அந்தக் கயிறு இடவரிசை விலங்குகளின் பட்டை வளையங்கள் வழியாகச் சென்று, முன் ஜோடியின் இடப்பக்க விலங்கின் கடிவாளத்தில் முடிந்தது. நிதானமாக இழுத்துப் பிடித்தால் இடப்புறம் திரும்பு என்று பொருள். விட்டு விட்டு வெட்டி இழுத்தால் வலப்புறம். வலப்பக்க முன்விலங்கு ஒரு கோலால் இடப்பக்க விலங்கோடு பிணைக்கப்பட்டிருந்ததால் தன் ஜோடி போன பக்கமே போனது. நடுவில் உள்ளவற்றுக்குக் கயிறே கிடையாது, குரல் மட்டும்தான். ஓட்டுநர் பெரும்பாலும் கடைசி ஜோடியின் இடப்பக்க விலங்கின்மீது அமர்ந்தோ முதல் வண்டியின் முகப்பில் இருந்தோ ஓட்டினார். உதவியாளர் பின்வண்டியின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டார். தங்குமிடத்தில் சமையலும் அவர் பொறுப்பு.

இனி, நம்பத்தக்கதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டிகளைப் பற்றி உலவும் செய்திகளில் பல பிற்கால விளம்பரங்களின் வழியாக வந்தவை. இருபது கோவேறு கழுதைகள் என்பதே முழு உண்மையன்று. பெரும்பாலும் பதினெட்டுக் கோவேறு கழுதைகளும், ஏர்க்காலை ஒட்டிய கடைசி ஜோடியாக இரண்டு குதிரைகளும் இருந்தன. ஏர்க்காலைத் தாங்கவும், நிற்கும் சுமையை முதல் அசைவு அசைக்கவும் உடல் பருத்த விலங்கு தேவைப்பட்டது. இந்த ஏற்பாட்டை முதலில் எண்ணியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பெர்ரி என்பர் சிலர். பன்னிரண்டு விலங்குத் தொடர் ஓட்டிக்கொண்டிருந்த எட் ஸ்டைல்ஸ் என்பர் வேறு சிலர். என் கருத்தில் அந்த விவாதமே சற்றுப் பொருளற்றது. ஏனெனில் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே ரெமி நாடோ என்பவர் செரோ கோர்டோ சுரங்கத்தின் வெள்ளிக் கட்டிகளை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுவர, பல ஜோடிக் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டித்தொடர்களை ஓட்டிக்கொண்டிருந்தார். டெத் வேலியில் நடந்தது புதுக் கண்டுபிடிப்பன்று. தெரிந்த தொழிலை அதன் எல்லை வரை கொண்டுபோனது.

இரண்டு கோடி பவுண்டு வெங்காரம் ஏற்றிச் சென்றார்கள் என்ற எண்ணையும் நான் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்கிறேன். ஹார்மனி ஆலை முழு வேகத்தில் நாளொன்றுக்கு மூன்று டன் எடுத்தது. கோடை விடுமுறையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தாண்டில் அது ஒரு கோடியே பத்து லட்சம் பவுண்டு அளவுக்குத்தான் வருகிறது. அமர்கோசா ஆலையின் சரக்கைச் சேர்த்தாலும் இரண்டு கோடியை எட்டுவது கடினம். வண்டிகளின் திறனைக் கணக்கிட்டால் இரண்டு கோடி முடியக்கூடியதே; ஆலையின் திறனைக் கணக்கிட்டால் அந்த எண் பெரிதாகத் தோன்றுகிறது. அதேபோல, இத்தனை ஆண்டுகளில் ஒரு வண்டிகூட வழியில் உடைந்து நிற்கவில்லை என்ற கூற்று நிறுவனத்தின் வழிவந்தது. வண்டிகள் மிக உறுதியானவை என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வறண்ட காற்றில் மரம் சுருங்கிப் பட்டா தளராமல் இருந்திருக்கும் என்பதை, சக்கரங்களோடு பழகிய எவரும் எளிதில் நம்பமாட்டார்.

கோவேறு கழுதையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சிலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது அது. குதிரையின் உடல் வலுவும் கழுதையின் பொறுமையும் கடினமான குளம்பும் அதற்கு உண்டு. களைத்திருக்கையில் அளவுக்கு மீறித் தின்றோ குடித்தோ நோய்ப்படாது என்று அதை வளர்த்தவர்கள் சொல்வார்கள். பிடிவாதம் என்று பெயர் வாங்கிய குணம், உண்மையில் தனக்குத் தீங்கு என்று பட்டதைச் செய்ய மறுக்கும் எச்சரிக்கை.

இந்த வண்டிகளை நிறுத்தியது ரயிலோ எந்திரமோ என்று பலர் நினைக்கிறார்கள். டெத் வேலியில் அவற்றை நிறுத்தியது கோல்மனின் பண நெருக்கடி. 1888-இல் அவர் நொடித்துப்போக, சொத்துகள் பிரான்சிஸ் மரியன் ஸ்மித் கைக்குப் போயின; 1890-இல் அவர் பசிபிக் கோஸ்ட் போராக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குள் ரயில் பாதைக்கு மிக அருகே, காலிகோ மலையில், மேலும் செறிவான கனிமம் கிடைத்துவிட்டதால் வேலை அங்கே நகர்ந்தது. அங்கும் கோவேறு கழுதைகள்தான் முதலில் இழுத்தன. 1894-இல் ஓல்ட் டைனா என்ற நீராவி இழுவை எந்திரத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அது அடிக்கடி பழுதானது. 1898-இல் காலிகோ மலையின் போரேட் சுரங்கக் குடியிருப்பிலிருந்து டாகெட் ரயில் நிலையம் வரை குறுகிய ரயில் பாதை போட்ட பிறகே விலங்குகளுக்கு ஓய்வு கிடைத்தது. உண்மையில் அந்த வண்டிகள் டெத் வேலிப் பாதையில் ஓடியது ஐந்தாறு ஆண்டுகள்தான். பெயர் நிலைத்ததற்குக் காரணம், 1890-களில் ஸ்மித்தின் நிறுவனம் இருபது கோவேறு கழுதைகளின் படத்தை வணிக முத்திரையாக்கிப் பெட்டியில் அச்சிட்டது. அப்போது அதன் விளம்பரப் பணியில் இருந்த ஸ்டீபன் மாதர், பின்னாளில் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநரானார்.

நேரில் பார்க்க விரும்பினால் நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குச் செல்லுங்கள். பர்னஸ் கிரீக்கிலிருந்து சிறிது தூரத்தில் ஹார்மனி ஆலையின் இடிபாடுகளும், கொதிகலனும், வண்டித்தொடரும் நிற்கின்றன. வண்டியின் முன்னே ஏர்க்கால் தொடங்கும் இடத்தில் நின்று, அங்கிருந்து நாற்பது தப்படி நேராக முன்னால் நடந்து, பிறகு திரும்பிப் பாருங்கள். முன் ஜோடி ஏறத்தாழ அங்கேதான் நின்றிருக்கும்.